பதின்மூன்றாவது தட்டு

எட்டுக் கிலோ தக்காளி தராசில் ஏறியது. மகிழினி வழக்கம்போல மணிக்கட்டை இயந்திரத்தின் முன்னால் காட்டினாள். அவளுடைய படிவளையம் ஒருமுறை அதிர்ந்து, சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மாறியது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். திருப்பூர்ச் சந்தையில் ஊதா வளையத்தைப் பார்ப்பது அபூர்வம். ஊதாக்காரர்கள் தக்காளி வாங்க நேரில் வருவதில்லை.

"ஏனுங்கக்கா, ஏழாம்படி ஏறீட்டீங்க," என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி. "தக்காளி நானூறு, வரி எண்ணூறுங்க. வெச்சுட்டுப் போறீங்களா?"

"வெச்சுட்டுப் போனா மத்தியானம் ரசத்துக்கு எதைக் கரைக்கறதுங்க?"

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இடுப்பில் ஒட்டுப்போட்ட பை, காலில் இரண்டு முறை வார் மாற்றிய செருப்பு. பின்னால் யாரோ "ஊதாக்காரியப் பாரு" என்று சிரித்தது காதில் விழத்தான் செய்தது.

வருமான வரி ஒழிந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று அரசாங்கம் இப்போது யாரையும் கேட்பதில்லை. அப்படிக் கேட்பதே அநாகரிகம் என்று ஆகிவிட்டது. எவ்வளவு அனுபவிக்கிறாய் என்பதுதான் கணக்கு. சித்திரை முதல் தேதி எல்லார் வளையமும் வெள்ளை. வாங்க வாங்க அலகு கூடி, மஞ்சள், பச்சை என்று நிறம் ஏறும். வெள்ளையில் வரியே கிடையாது. ஊதாவில் பொருளின் விலையைப்போல இரண்டு மடங்கு வரி. நல்ல சட்டம்தான், குறை சொல்லக் கூடாது. இரண்டு நாள் போட்ட சட்டையைத் தூக்கி எறிந்தவர்களெல்லாம் பட்டன் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரு காலத்தில் சாயம் நுரைத்து ஓடிய நொய்யல் ஆற்றில் இன்று பிள்ளைகள் குதித்து நீந்துகிறார்கள்.

ஆனால் யார் வாங்கினாரோ அவரே அனுபவித்தார் என்று வளையம் எண்ணிக்கொள்ளும். அங்கேதான் மகிழினி மாட்டிக்கொண்டாள். அவள் குடியிருந்த லைன் வீட்டில் பதினோரு முதியவர்கள் இருந்தார்கள். அனைவரும் ஒரே பனியன் கம்பெனியில் தைத்தும் இஸ்திரி போட்டும் முதுகு வளைந்தவர்கள். சொந்தமென்று ஒருவரும் கிடையாது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பணம் தருவார்கள். மகிழினி சந்தைக்குப் போய் வந்து ஒரே உலையில் பொங்குவாள். வளையம் அவரவர் நாடி பார்த்துத்தான் வேலை செய்யும், கழற்றிக் கொடுத்தனுப்ப முடியாது. பதினோரு பேரைச் சந்தைக்கு நடத்திக் கூட்டிப்போகவும் முடியாது. ஆகவே தன் வளையத்தையே காட்டினாள். பன்னிரண்டு வயிற்றுச் சாப்பாடு ஒரே கையில் ஏறியது.

இனி இந்த விலையில் கையிலிருக்கும் பணம் வெள்ளிக்கிழமைவரை தாங்கும். அதற்குமேல் உலை வைக்க முடியாது. மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் முதியோர் கூடங்களுக்கு ஆளுக்கொரு திசையாக இவர்களைப் பிரித்து அனுப்ப வேண்டியதுதான். "ஆடம்பர நுகர்வுக்கு விளக்கம் தேவை" என்று போன வாரம் ஓலை வந்தபோது, இஸ்திரி மாஸ்டர் பிரணவ் விழுந்து விழுந்து சிரித்தார். இன்று யாரும் சிரிக்கவில்லை. மத்தியானம் படி அலுவலர் நேரில் வருகிறார்.

ரசம் தாளிக்கும் நேரத்துக்குச் சரியாக எதிர்வீட்டு தர்ஷித் கேட்டருகே வந்து நின்றார். பனியன் கம்பெனியின் பழைய முதலாளி. எழுபத்திரண்டு வயது, கம்பிபோல உடம்பு. கோடிகோடியாகச் சேர்த்தவர், முப்பத்தோரு வருடமாக வெள்ளையைத் தாண்டாதவர். அந்த வெள்ளை வளையம் தெரியவேண்டும் என்றே சட்டைக் கையை மடித்துவிட்டிருப்பார். ராகிக் கூழும் மூன்று வேட்டியும்தான் அவர் வாழ்க்கை. தினமும் இதே நேரத்துக்கு வந்து வாதாடிவிட்டுப் போவார். சாப்பிடக் கூப்பிட்டால் ஓசியில் தின்ன மாட்டேன் என்பார்.

"ஊதா ஆயிட்டயாமே அம்மணி?"

"ஆமாங்க மொதலாளி. இனி நானும் பணக்காரி."

"சட்டம் தப்பில்ல பாத்துக்க. சம்பாதிக்கிறவனத் தண்டிக்கக் கூடாதுன்னுதான் அன்னிக்கு நாங்க கொடி புடிச்சோம்."

"சரிங்க. இப்பச் சமைக்கிறவளத்தானே தண்டிக்கறாங்க? உங்களுக்கு வெள்ளை, எனக்கு ஊதா. இதுல ஆரு ஆடம்பரமா வாழறாங்கன்னு நீங்களே சொல்லுங்க."

தர்ஷித் வாயைத் திறந்தார். அதற்குள் அலுவலரின் வண்டி வந்துவிட்டது.

அலுவலர் நஸ்ரின் முப்பது வயதுப் பெண். பளிங்கு மாளிகை எதையோ எதிர்பார்த்து வந்தவர், புகைபடிந்த சமையலறையைப் பார்த்துத் தன் பலகைக்கணினியை மறுபடி சரிபார்த்தார்.

"மெஸ்ஸுன்னு பதிஞ்சிருக்கலாமேங்க? வாங்கறப்ப வரியே இருக்காது."

"லாபம் வெச்சு வித்தாத்தானுங்க மெஸ்ஸு? இவங்ககிட்ட நான் என்னத்தங்க லாபம் வெக்கறது?"

நஸ்ரின் பலகையில் சட்டப் பிரிவுகளைத் தள்ளிப் பார்த்தார். "ஓருலைக் குடும்பம்னு ஒரு வழி இருக்கு. ரத்த உறவு வேண்டியதில்லை. எல்லார் நுகர்வையும் ஒண்ணாக் கூட்டித் தலைக்கு வகுப்போம். தினம் ஒருவேளையாவது இந்த உலையில சாப்பிடணும். சேர்ந்தபிறகு எல்லாருக்கும் ஒரே நிறம்தான்."

"அப்ப இப்பவே சேத்துக்குங்க."

"ஒரு வரம்பு இருக்குங்க. வகுத்தது தலைக்கு ஆயிரம் அலகுக்குள்ள, பச்சையில நிக்கணும். இல்லைன்னா வசதியானவங்க வேலையாட்களைப் பேருக்குச் சேத்துக்கிட்டு ஏமாத்துவாங்க. சாப்பிட உக்காருங்க, எண்ணிடறேன்."

பன்னிரண்டு தட்டு வரிசையாக விழுந்தது. ஒவ்வொருவராகக் கை நீட்ட, நஸ்ரின் வளையங்களைப் பலகையில் பதிந்துகொண்டே போனார். ஊற்றிய ரசத்தை யாரும் பிசையவில்லை. கடைசியாக மகிழினியின் ஊதா பதிவானதும் பலகையில் எண் விழுந்தது. பன்னிரண்டாயிரத்து அறுநூறு. தலைக்கு ஆயிரத்து ஐம்பது.

"ஐம்பது அதிகங்க," என்றார் நஸ்ரின். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் மாத்தி எழுத முடியாது. மன்னிச்சுக்குங்க."

மகிழினிக்குப் போன மாதம் மழையில் தரை நனைகிறதென்று பிரணவுக்கு வாங்கிய கட்டில், கடைசி அறை ஆத்யா அக்காவுக்கு வாங்கிய கம்பளி, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அதில் எதை வாங்காமல் விட்டிருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றைக்கூட விட மனசு வரவில்லை.

கேட் கிறீச்சிட்டது. தர்ஷித் உள்ளே வந்து, வரிசையின் ஓரத்தில் பிரணவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்ற வளையத்துல இருநூறுதான் இருக்குது. சேத்திப் பாருங்க."

நஸ்ரின் அவர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "அய்யா, சேர்ந்தீங்கன்னா உங்க வெள்ளை போயிடும். தினமும் இங்க வந்து சாப்பிடணும். வராம விட்டா மொத்தமும் ரத்தாகும்."

"தெரியுமுங்க. காதுல விழுந்துச்சு."

"நெசமாத்தானுங்களா மொதலாளி?" என்றாள் மகிழினி. "முப்பத்தோரு வருசத்து வெள்ளைங்க."

தர்ஷித் மடித்த சட்டைக் கையை இறக்கி, மறுபடி மடித்தார்.

"என்ற வூட்டுக்காரி கடல் பாக்கோணும்னு கேட்டா. ஒரே ஒருக்கா ராமேசுவரம் போய்ட்டு வரலாம்னா. போனா மஞ்சளாயிரும்னு அடுத்த வருசம், அடுத்த வருசம்னே தள்ளுனேன். போய்ச் சேந்துட்டா." அவர் குரல் உடைந்தது, மறைக்கவும் முயலவில்லை. "பன்னெண்டு வருசமா நெதமும் இந்தத் தாளிப்பு வாசத்துக்குத்தான் கேட்டோரமா வந்து நிக்கறன். வாதாட வந்தேன்னா நெனச்ச? தட்டக் கொண்டா அம்மணி."

பிரணவ் தன் தட்டை நகர்த்தி அவருக்கு இடம் விட்டார். "ஷிஃப்ட் முடிஞ்சு வந்திருக்கீங்க மொதலாளி, கொஞ்சம் லேட்டு," என்றார். முப்பது வருடம் சம்பளம் வாங்கியவருக்கு அந்த ஒரு கேலிக்கு உரிமை உண்டு.

பதின்மூன்றாவது வளையமும் பதிவானது. தலைக்குத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து. வரிசை முழுக்க மணிக்கட்டுகள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. மகிழினியின் ஊதாவும் தர்ஷித்தின் வெள்ளையும் பச்சையாயின. ஆத்யா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிச் சோறு ஆறிவிடும் என்று எல்லாரையும் அதட்டினாள். நஸ்ரினுக்கும் ஒரு தட்டு போனது. வாங்கியது யாரோ அவர் கணக்கில்தான் சேரும், எனக்கு ஏறாது என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

தர்ஷித் முதல் கவளத்தை வெகுநேரம் வாயில் வைத்திருந்தார். பிறகு வேகவேகமாகச் சாப்பிட்டார். தட்டு காலியானதும், பச்சை வளையம் தெரிந்த கையை மறைக்காமல் நீட்டிக் கேட்டார்.

"நாளைக்கு என்ன கொழம்பு அம்மணி?"

அடுத்த வருடம் என்றே பேசிப் பழகிய மனிதர் நாளையைப் பற்றிக் கேட்கிறார் என்பது மகிழினிக்கு உறைத்தது. கரண்டியை எடுத்து அவர் தட்டில் ரசத்தை ஊற்றினாள்.

"காலைல ஆறு மணிக்குச் சந்தைக்கு வாங்க, சொல்றன். எட்டுக் கிலோ தக்காளியத் தூக்க எனக்கும் ஒரு ஆளு வேணுமல்லங்க?"