ஏழு விநாடி எதிரொலி

கடைசி நாதம் ஆறே விநாடியில் அடங்கிவிட்டது.

கெசினெ ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். காலையில் இதே சர்ச்சில், இதே மைக்குகளில், டோரேன் கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகு ஆர்கனின் முழக்கம் கல்சுவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து அடங்க முழுசாக ஏழு விநாடி பிடித்தது. ஒரு விநாடி எங்கே போயிற்று? பெரிய விஷயமில்லைதான். ஆனால் இரண்டு பதிவையும் வெட்டி ஒட்டினால் ஒட்டு தெரியும்.

"டோரேன், இன்னொரு தடவை வாசிடி," என்றாள் மைக்கில்.

மேலே ஆர்கன் மாடத்திலிருந்து தங்கையின் குரல் சிடுசிடுத்தது. "நான் எங்கடி தப்பு பண்ணேன்? உன் காதைப் போய் காட்டு."

"நீ தப்பு பண்ணல. எதிரொலி குறையுது."

"அதுக்கும் நான்தான் கிடைச்சேனா? இங்க ஊடோ மாமாவுக்கு மிதிச்சு மிதிச்சு நாக்கு தள்ளுது."

ஊடோ இந்த சர்ச்சைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்பவர். மின்மோட்டாரின் உறுமல் பதிவில் விழுகிறது என்று அதை அணைத்துவிட்டு, ஆர்கனுக்குப் பின்னால் நின்று காலால் துருத்தி மிதித்துக் காற்று கொடுத்துக்கொண்டிருந்தார். "எனக்கென்னம்மா, பன்னிரண்டு வயசுல ஏறின துருத்தி. சாயங்காலம் பீர் வரலேன்னா மட்டும் காத்தும் வராது, சொல்லிட்டேன்!"

மூவரும் சிரித்தார்கள். பாதிரியார் உடை மாற்றும் அந்தச் சின்ன அறையில் கெசினெயின் சிரிப்புக்கு வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. மூன்று நாள் பனியில் ஊர்ச்சாலை அடைபட்டுக் கிடந்தது. லாரி இல்லை, பஸ் இல்லை. ஆமெண்டே என்ற இசையமைப்பாளர் இந்த ஆர்கனுக்கென்றே நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் எழுதிய இரங்கல் இசையைப் பதிவுசெய்ய இதைவிட அமைதியான பகல் கிடைக்காது.

அடுத்த முறை ஐந்து விநாடி. அதற்கடுத்து நான்கு.

அவள் வயர்களைத் தடவிப் பார்த்தாள், மைக்குகளைக் கழற்றி மாட்டினாள், பனி ஈரத்தின் மேல் பழியைப் போட்டாள். ஆனால் வேறு ஒரு கணக்கு, வேண்டாம் வேண்டாம் என்றாலும், மனதுக்குள் வந்து நின்றது. காலி சர்ச்சில் எதிரொலி தானாகக் குறையாது. ஆள் வந்து உட்கார்ந்தால்தான் குறையும். உடம்பும் கம்பளிக் கோட்டும் சத்தத்தைக் குடித்துவிடும். கிறிஸ்துமஸ் இரவில், முந்நூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தபோது, அவளே அளந்திருக்கிறாள்.

மூன்று விநாடி.

இப்போது திரையில் இருந்ததும் மூன்று.

நனைந்த கம்பளியின் வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. கூடவே பூச்சி உருண்டையும், நெடுநாள் பூட்டிவைத்த பெட்டியின் புளித்த நாற்றமும்.

"அடுத்த பகுதி ஆரம்பிக்கிறேன்," என்றாள் டோரேன். முழக்கம் எழுந்தது. கெசினெ கதவை ஒரு கையகலம் திறந்தாள்.

பெஞ்சுகளில் ஒருவரும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் சாம்பலாக விழுந்துகிடந்தது. பெஞ்சுகள் மேல் நீளநீளமாகச் சிவப்பு மெத்தைகள். அதில் ஒன்று அழுந்தியது. பக்கத்தில் இன்னொரு குழி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவசரமில்லாமல், ஒருவருக்கொருவர் நகர்ந்து இடம் விடுவதுபோல, வரிசை வரிசையாக.

டோரேன் தாளைப் புரட்ட ஒரு கணம் நிறுத்தினாள்.

மெத்தைகள் எல்லாம் ஒன்றாக உப்பின. எழுந்துவிட்டார்கள். பின்வரிசைக்கு அப்பால், மாடத்துக்குப் போகும் ஒரே படிக்கட்டின் முதல் பலகை முனகியது.

இசை தொடர்ந்தது. மெத்தைகள் அழுந்தின.

கெசினெ மைக்கைப் பிடித்தாள். குரல் நடுங்கக்கூடாது. "டோரேன். நிறுத்தாதே. முடிஞ்சதும் திரும்ப முதல்லேர்ந்து வாசி. கீழ பார்க்காதே."

"என்னடி ஆச்சு?" வாசித்துக்கொண்டே கேட்டாள்.

"சொன்னதைச் செய்! மாமா, நான் போய் மோட்டாரைப் போடுறேன். அதுவரைக்கும் மிதிங்க."

"சீக்கிரம்மா..." கிழவரின் மூச்சு இரைந்தது. "கால் மரத்துப்போச்சு."

மோட்டார் சுவிட்ச் படிக்கட்டுக்கு அடியில். நடைபாதை முழுக்கக் கடக்க வேண்டும். கெசினெ ஓடினாள். இரண்டு பக்கமும் குழிந்த மெத்தைகள். முழங்கையில் சொரசொரப்பாக ஏதோ உரசியது. பார்க்கவில்லை. ஓடினாள்.

பாதி வழியில் சுருதி இறங்கியது.

மேலே ஏதோ தடாலென்று விழுந்தது. "மாமா!" என்று டோரேன் அலறினாள். நூறு குழல்களும் ஒன்றாகக் கம்மி, இழுத்து, ஊமையாயின.

எதிரொலியே இல்லை.

மெத்தைகள் உப்பின. எல்லாமே.

டோரேன் மாடத்துக் கைப்பிடிக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். வாய் திறந்து மூடியது. எதுவும் கேட்கவில்லை. "வராதே! மேலயே கதவைச் சாத்து!" கெசினெ கத்தினாள். சொல் உதட்டிலேயே அமுங்கியது, ஈரக் கம்பளியில் முகம் புதைத்துக் கத்தியதுபோல. மூச்சுப் புகை மட்டும் போயிற்று. ஒரு சாண் தூரம். அங்கே எதிலோ மோதி, தட்டையாகி, இரண்டு பக்கமும் வழிந்தது.

படிப்பலகைகள் முனகின. ஒவ்வொன்றாக. மேலே மேலே.

டோரேன் படிக்கட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள். அவள் மூச்சுப் புகையும், மூக்குக்கு நேரே, தட்டையாகப் பரவியது.