விடு

தூணில் கட்டியிருந்த சங்கிலியின் நுனியில் கழுத்துப்பட்டை அப்படியே கிடந்தது, கொக்கி மாட்டியபடி, எங்கும் கடிபடாமல், அதற்குள்ளிருந்த நாய் மட்டும் கரைந்துபோனதைப் போல.

தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான். அண்ணன் செத்து இருபது நாளாக அந்த நாய் குரைக்கவில்லை. அவன் வரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. இன்றோடு அந்தப் பார்வைக்கு முடிவுகட்ட, நாலு மணிக்கு ஊசியோடு வரும்படி மாட்டு டாக்டரிடம் சொல்லியிருந்தான். அண்ணியும் மறுக்கவில்லை.

"அண்ணி?"

வாசற்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நுழைந்தான். மழைக்காக ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்த கூடத்தில் அண்ணனுடைய மருந்து வாடை இன்னும் போகாமல் இருக்க, அதற்கு அடியில் வேறொரு வாடை, புதிதாகத் தோண்டிய ஈர மண்ணின் வாடை, உள்ளறையிலிருந்து மெல்லக் கசிந்துகொண்டிருந்தது.

நாயை வாங்கிய அன்று வளர்ப்புக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. பனிமலை மேய்ச்சலில் ஓநாய்களிடமிருந்து ஆடுகளைக் காக்க இடையர்கள் பொறுக்கி வளர்த்த இனம். குதறாது. கழுத்தைக் கவ்விக்கொண்டு எஜமான் வரும்வரை காத்திருக்கும். திமிறினால் பிடியை இறுக்கும். பழக்கிய ஒரே சொல்லுக்குத்தான் விடும். தொங்கும் உதடுகள், சிவந்த கீழிமைகள், கண்களுக்கு மேலே இன்னொரு ஜோடிக் கண்கள் போல இரண்டு மஞ்சள் பொட்டுகள். கன்றுக்குட்டியை நாயென்று தலையில் கட்டிவிட்டான் என்று தம்பி கேலி செய்ததற்கு அண்ணன் சிரித்தான்.

"உன்னைவிடச் சொன்ன பேச்சு கேக்கும்டா."

அவன் பழக்கிய சொல், 'விடு'.

கடைசியாக அவன் சொன்னதும் அதுதான். காய்ச்சலில் கிடந்தவனிடம் வீட்டை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு, பேச்சு முற்றி, தம்பி தலையணையை முகத்தில் அழுத்தியபோது. அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். மூடிய கதவுக்கு வெளியே நாய் மட்டும் பிராண்டிக்கொண்டிருந்தது.

முதுகுக்குப் பின்னால் நகங்கள் தரையில் தட்டின.

திரும்புவதற்குள் விழுந்திருந்தான். மார்பில் பெரும் பாரம். தொண்டையைச் சுற்றிப் பற்கள். அழுத்தவில்லை. காத்திருந்தன. அந்த வாயில் மூச்சுக்காற்றே இல்லை.

"விடு," என்றான்.

பிடி இறுகியது.

அண்ணி உள்ளறையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கையெல்லாம் சேறு.

"அண்ணி... விடச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேக்கும்."

"அவர் மூணு தடவை சொன்னாரே தம்பி. நீங்க கேட்டீங்களா?"

மூன்று தடவைதான். அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"விடு."

குரல் பாதியில் நசுங்கியது. வாசலில் மணி அடித்தது. அண்ணி எழுந்துபோய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர், வீணா அலைய வச்சுட்டேன். காலைலயே செத்துப்போச்சு. பின்னாடி நானே குழி தோண்டிப் பொதைச்சுட்டேன்."

டாக்டர் ஏதோ ஆறுதல் சொன்னார். தம்பி கத்தப் பார்த்தான். காற்றுதான் வந்தது. கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள். செருப்புச் சத்தம் மழையில் தேய்ந்தது.

நாயின் முகம் அவன் முகத்துக்கு மேலே. இரண்டு கண்களிலும் மண் அடைத்திருந்தது.

மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தான்.

அந்த மஞ்சள் பொட்டுகள் இரண்டும் மெல்ல இமைத்தன.