சட்டையில் மட்டும் வாடை

"ஐயோ... சைபுல்லா அண்ணன் கீழ கெடக்குறாரு!"

அலறல் கல்யாண மண்டபத்தின் சாமான் அறையிலிருந்து வந்தது.

அய்யம்பேட்டை. நிக்காஹ் தொடங்கும் நேரம்.

பிரியாணி தேக்சாக்களுக்கு நடுவே சைபுல்லா கிடந்தார். மணப்பெண்ணின் சித்தப்பா. நேற்றுத்தான் துபாயிலிருந்து வந்தவர்.

அவர் மேல் சாராய வாடை வீசியது.

கூட்டம் மூக்கைப் பொத்தியது. தொட்டுப் பார்க்க ஒருவருக்கும் கை வரவில்லை.

மணப்பெண்ணின் தகப்பனார் அல்லா பிச்சை பதறினார்.

"கதவ சாத்துங்க. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

அவருடைய அக்கா மகன் ஃபாஜில் டம்ளரோடு முன்னால் வந்தான்.

"நல்லா ஏத்தியிருக்காரு மாமா. மோர் குடுத்தா தெளிஞ்சிடும்."

"குடுக்காத."

சைத்தூன் பீவி. அல்லா பிச்சைக்கும் சைபுல்லாவுக்கும் அக்கா. ஃபாஜிலைப் பெற்றவள். அந்தக் குடும்பத்தில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது.

டம்ளரைத் தட்டிவிட்டாள். தம்பியின் அருகில் உட்கார்ந்தாள்.

"சைபுல்லா... அக்காவப் பாத்து சிரி."

வாயின் இடது பக்கம் மட்டும் அசைந்தது. வலது பக்கம் தொங்கியது.

"ரெண்டு கையையும் தூக்கு."

இடது கை எழுந்தது. வலது கை சாக்கு மூட்டை போலக் கிடந்தது.

"உம் பேர சொல்லு."

"ஸ... ழ்ழ..."

"போதையில குளறுறாரும்மா," என்றான் ஃபாஜில்.

"குடிச்சவனுக்கு வாயில வாடை அடிக்கணும். இவனுக்குச் சட்டையில மட்டும் அடிக்குது. எவனோ ஊத்தியிருக்கான். இது பக்கவாதம். வண்டிய எடுங்க."

"அக்கா, நிக்காஹ் முடியட்டும்..."

"என் வூட்டுக்காரருக்கு வாய் கோணுனப்ப வாயுன்னு சொல்லி பூண்டு உரிச்சுக் குடுத்த ஊரு இது. சாகுற வரைக்கும் அவரு படுக்கையிலதான் கெடந்தாரு. மானமாம், மானம். கூடப் பொறந்தவன சாமான் ரூம்புல பூட்டி வைக்கிறதுக்குப் பேரு மானமா? தள்ளுங்க."

வாசலில் நின்றது மாப்பிள்ளையின் அண்ணன் ஜாபிரின் கார். அதில்தான் ஏற்றினார்கள். ஜாபிர் ஓட்ட, ஃபாஜிலும் அம்மாவோடு ஏறினான். நெல் லாரிகளை முந்திக்கொண்டு கார் தஞ்சாவூருக்குப் பறந்தது.

வழியில், சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில் உருண்டது.

பாதி காலி.

சைத்தூன் பீவி பார்த்தாள்.

ஆஸ்பத்திரி. ஸ்கேன் முடிந்தது. டாக்டர் அம்சவல்லி வேகமாக வெளியே வந்தார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. கரைக்க ஊசி இருக்கு. எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது?"

"தெரியலியே. காலைல நாஷ்டா சாப்பிடுறப்ப நல்லா இருந்தான்."

"அப்பலேருந்து கணக்கு வச்சா நேரம் தாண்டிருச்சும்மா. நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். கண்ண மூடிட்டுப் போட்டா மூளைக்குள்ளயே ரத்தம் கசியலாம். விழுந்தத யாராவது பாத்தாங்களா?"

"ஒருத்தன் பாத்திருக்கான்," என்றாள் சைத்தூன் பீவி.

ஜாபிர் பக்கம் திரும்பினாள்.

"சாராயத்த ஊத்துனவன். என்ன தம்பி, மார்க்கம் பேசுற குடும்பம்னு சொன்னீங்க. வண்டியில பாட்டில் உருளுது."

ஜாபிர் தலை குனிந்தான்.

"பாட்டில் என்னுதுதான். ஒத்துக்குறேன். ஆனா காலைலேருந்து வண்டிச் சாவி எங்கிட்ட இல்ல. ஐஸ் கட்டி வாங்கணும்னு உங்க மகன்தான் வாங்கிட்டுப் போனாரு. கூட்டமெல்லாம் கூடுனப்பறம்தான் திருப்பிக் குடுத்தாரு."

சைத்தூன் பீவியின் முதுகு வளையவில்லை. முகம் மட்டும் கறுத்தது.

"ஃபாஜில்."

"அம்மா... நான் கொல்லல."

"மணி சொல்லு."

"மாப்பிள்ளைக்கு துபாய்ல ஒரு பொண்டாட்டி, புள்ள இருக்காம். மாமா எங்கிட்ட சொன்னாரு. சபையில சொல்லப்போறேன்னு கத்துனாரு. மாப்பிள்ளை எனக்கு விசா வாங்கித் தரேன்னு..."

"மணி!"

"கத்தும்போதே வாய் கோணிருச்சு... விழுந்துட்டாரு. பயந்துட்டேன். குடிச்சிருக்காருன்னா அவரு பேச்ச யாரும் நம்ப மாட்டாங்கன்னு..."

"அவன் செத்தா நீ கொலகாரன். பொழைச்சா வெறும் பொறுக்கி. எது வேணும்னு நீயே பாத்துக்க."



"பதினொன்னே கால்."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று.

அடுத்த நொடி உள்ளே ஓடினார்.

மாலை. சைபுல்லாவின் வலது கை மெல்ல அசைந்து அக்காவின் விரலைப் பற்றியது.

வெளியே இன்ஸ்பெக்டர் துரைராசு நின்றார்.

"புகார் குடுக்குறது யாரும்மா?"

"நான்தான். அவனப் பெத்தவ."

ஃபாஜில் கும்பிட்டான். "அம்மா... நம்ம குடும்ப மானம்..."

"அத காப்பாத்தத்தான் உன்ன அனுப்புறேன். ஏறு."

ஜீப் நகர்ந்தது.

மண்டபத்திலிருந்து அல்லா பிச்சையின் போன்.

"துபாய் விஷயத்த நீ சொன்னதுமே நிக்காஹ நிப்பாட்டிட்டேங்க்கா. மாப்பிள்ளை வீட்டார அனுப்பியாச்சு. இத்தன பேரு சாப்புட்டுட்டுப் போறாங்க... நாளைக்கு ஊர்ல என்னக்கா பேசுவாங்க?"

சைத்தூன் பீவி முக்காட்டைச் சரிசெய்தாள்.

"பிரியாணில கறி கம்மின்னு பேசுவாங்க. போன வை."