கடைசி வரிக்கு ஒரு தட்டு

பியானோ முன்னால் சிஷ்யன். ஜன்னலோர முக்காலியில் பாடகி. கதவருகே பிரம்பு நாற்காலியில் வாத்தியாரின் மனைவி, இருவருக்கும் அம்மா. மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் யாருமில்லை. வாத்தியார் காலமாகி ஒரு மாதமாகிறது.

மெட்டையும் பாட்டையும் தானே எழுதி, இசை நாடக மேடைகளை ஒரு தலைமுறை ஆட்டிவைத்த மனிதர். கடைசி நாடகத்தின் கடைசிப் பாட்டில் ஒரு வரியைப் பாக்கி வைத்துவிட்டார். அதைச் சிஷ்யன் எழுதியிருந்தான். இத்தனை வருஷ எடுபிடி வேலைக்குப் பிறகு, போஸ்டரில் அவன் பேரும் வரப்போகிறது.

அம்மா எழுந்து கதவைப் பூட்டினார்.

"எதுக்கும்மா?" என்றாள் பாடகி.

"பழக்க தோஷம். பாட்டு சரியா வராம உங்க சார் யாரைச் சாப்பிட விட்டார்?"

பென்சிலால் ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் மறுபடியும். அதுதான் அவர் பாஷை.

அவள் பாடினாள். சிஷ்யனின் வரி வந்தது.

டக். டக்.

மேசைமேல் பென்சில் அசையாமல் கிடந்தது. எங்கிருந்தோ வாத்தியாரின் சுருட்டு வாடை.

அம்மா சாவியைத் திருப்பினார். திரும்பவில்லை.

மறுபடியும் பாடினாள். மறுபடியும் டக், டக். ஜன்னல் வெயில் மெல்லச் சுவரேறியது. அவள் தொண்டை கட்டிப்போனது.

"உன் வரிய விட்டுத் தொலையேன்டா," என்று கிசுகிசுத்தாள்.

"அவர் பேரை எத்தனை காலம் சுமந்தேன். இந்த ஒரு வரி என்னுது."

டக். டக்.

அம்மா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டுறது நீதாம்பா."

அவன் சுட்டுவிரல் பியானோ விளிம்பில் இருந்தது. அவன் அதை அங்கே வைக்கவில்லை.

அவன் நாடக அரங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினான்: கடைசி வரியை எடுத்துவிடுங்கள், என் பேர் வேண்டாம்.

டக். டக்.

பிறகு பேனா தானாகவே நகர்ந்தது. எழுத்து வலப்பக்கம் சாய்ந்து விழுந்தது, வாத்தியாருடையதைப் போல: 'பாட்டு முடிந்தது. அடுத்த நாடகத்தையும் இந்த அறையிலேயே எழுதித் தருகிறேன்.'

ஒரே ஒரு தட்டு.

சாவி திரும்பியது. பெண்கள் இருவரும் வெளியே ஓடினார்கள். அவன் கால் மட்டும் வாசல்படியைத் தாண்டவில்லை. உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, கை நீட்டினான்.

"தபால்ல போட்டுடு."

"போட்டுடறேன் சார்," என்றாள் பாடகி.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவனை ஒருநாளும் அவள் சார் என்று கூப்பிட்டதில்லை.

முதுகுக்குப் பின்னால் கதவு பூட்டிக்கொண்டது. தெருமுனைத் தபால் பெட்டிக்குள் உறையைத் தள்ளினாள்.

அடியில் போய் விழுந்தது.

டக்.