ஆயிலில் நனைந்த பூனைக்குட்டி

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சந்துக்குள் யூனுஸின் பைக் ஒர்க்‌ஷாப் இருந்தது. சனிக்கிழமை வந்தால் அவர் மகள் நிதாவும் அங்கேதான் இருப்பாள். ஆறாவது படிக்கிறாள்.

அன்று எங்கிருந்தோ வந்த ஒரு பூனைக்குட்டி, எலியைக் கண்டதோ என்னவோ, அலமாரியில் தாவியது. மூடி திறந்திருந்த புது ஆயில் டப்பா சாய்ந்து, குட்டியின் மேலேயே கொட்டியது. ரோமம் ஒட்டிப்போய் குட்டி பாதியாகச் சுருங்கித் தெரிந்தது. பிறகு தன் காலை நக்கத் தொடங்கியது.

"நக்குது அத்தா" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே நிதா அதைத் தூக்கிவிட்டாள்.

யூனுஸ் தன் கையில் ஒட்டும் ஆயிலைப் பெட்ரோலில்தான் துடைப்பார். இப்போதும் பெட்ரோலில் நனைத்த துணியோடு ஓடி வந்தார்.

"கொஞ்சம் பொறுங்கத்தா. மெர்சி டாக்டர்கிட்டக் கேட்டுப்போடலாம்."

மெர்சி, பக்கத்துத் தெருவில் இருக்கும் கால்நடை மருத்துவர். அந்த ஆயிலில் என்னென்ன கலந்திருக்கிறது என்றுதான் போனில் முதலில் கேட்டார்.

டப்பாவின் முன்பக்கத்தில் 'முழு சிந்தெடிக்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று இல்லை. நிதா டப்பாவைத் திருப்பினாள். பின்னால் ஒரு கியூஆர் கட்டம் இருந்தது. ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே போனை அதன்மேல் காட்டினாள். பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று திறந்தது. எல்லாம் ஆங்கிலம்.

யூனுஸ் குட்டியைக் காய்ந்த துணியில் பொதிந்து பிடித்துக்கொள்ள, நிதா எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஆயிலில் பெரும்பகுதி, பெட்ரோலியத்திலிருந்து பக்குவப்படுத்திய எண்ணெய். மீதி, இன்ஜின் தேயாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனங்கள். அவற்றில் துத்தநாகம் கலந்த ஒன்று கண்ணை எரிக்குமாம். சிலவற்றின் பெயரைச் சொல்லாமல், தொழில் ரகசியம் என்று விட்டிருந்தார்கள்.

"தோல்ல பட்டா சோப்புத் தண்ணியில கழுவோணுமாம். முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்கக் கூடாதாம். நுரையீரலுக்குள்ள போயிருமாமுங்க."

"நல்லாப் படிச்சுச் சொன்னே கண்ணு," என்றார் டாக்டர். பெட்ரோலில் துடைக்கலாமா என்று யூனுஸ் கேட்டதும், ஆயிலைவிடப் பெட்ரோல்தான் பூனைக்குக் கெடுதல், அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றார். பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து கழுவி, நக்க முடியாதபடி சுற்றி, உடனே கொண்டுவரச் சொன்னார்.

யூனுஸ் பெட்ரோல் துணியை எறிந்துவிட்டு, டீக்கடைக்குப் போய் வெந்நீர் வாங்கி வந்து விளாவினார். குட்டி நிதாவின் கையைப் பிறாண்டியது. அவள் விடவில்லை. காதோரம் ஏதேதோ சமாதானம் சொல்லிக்கொண்டே கழுவினாள்.

கிளினிக்கில் டாக்டர் குட்டியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். "நுரையீரல் சுத்தமா இருக்குது அம்மணி," என்றதும்தான் நிதாவுக்கு மூச்சே வந்தது.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் குட்டி யூனுஸின் மடியில் ஏறிச் சுருண்டு தூங்கிப்போனது. தன் பைக்கை எடுத்துப்போக வந்த கிருபாசங்கர், "ஏனுங்க பாய், வேலை முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

யூனுஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மெதுவாப் பேசுங்க. குட்டி முழிக்கட்டும், அப்புறந்தான் நான் எந்திரிக்க முடியும். அதுவரைக்கும் நீங்களும் உக்காருங்க."