முடிவெட்டக் காத்திருந்த அவரைச் செடிகள்

“ஏய் குண்டூசி! இங்க பாரு. இந்த டப்பாவுல என்ன தெரியுது?”

மாடி அத்தை பால்கனியிலிருந்து சர்க்கரை டப்பாவைச் சாய்த்துக் காட்டினார்.

“சர்க்கரை, அத்தை.”

“நல்லாப் பாரு. நடக்கற சர்க்கரையை எங்கயாவது பார்த்திருக்கியா?”

குண்டூசி அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பத்து வயது. ஒல்லியாக இருப்பாள், கேள்வி கேட்டே குத்துவாள். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் குண்டூசிதான்.

“எறும்பு, அத்தை.”

“எங்கிருந்து வருதாம்? உன் அவரைச் செடியில கிளம்பி, தண்ணிக் குழாயைப் பிடிச்சு ஏறி, நேரா என் சமையலறைக்கு. படி ஏறினா எனக்கே மூச்சு வாங்குது, அதுங்களுக்கு வாங்கலை! ஞாயித்துக்கிழமை கீழ வந்து பார்ப்பேன். அப்பவும் எறும்பு இருந்தா தொட்டியெல்லாம் வெளியே போயிடணும். சொல்லிட்டேன்!”

சொன்னால் சொன்னதுதான். ஏனென்றால் வீடே மாடி அத்தையுடையது. கீழே முன்பக்கம் அப்பாவின் சலூன். அதன் பின்னால் அப்பாவும் குண்டூசியும் குடியிருக்கும் வீடு. அதற்கும் பின்னால், ஒரு பாய் விரிக்கும் அளவுக்குக் கொல்லை. அங்கேதான் நாலு தொட்டிகளில் குத்து அவரை வளர்ந்தது. விதையை ஊறப்போட்டதிலிருந்து எல்லாம் குண்டூசியின் கைவேலை. இந்த வாரம்தான் முதல் பூ வந்திருந்தது. அதைப் போய் வெளியே தூக்கி வைப்பதா?

“அப்பா!” என்று சலூனுக்குள் ஓடினாள்.

அன்று சாயங்காலமே இருவரும் செடிக்கடைக்குப் போனார்கள். கடைக்கார அக்கா விவரம் கேட்டுவிட்டு, “இலைக்கு அடியில செடிப்பேன் இருக்கா பாருங்க. அதுங்க விடற இனிப்புத் தண்ணிக்குத்தான் எறும்பு வரும்” என்றார்.

“பேனா? அது நம்ம தொழிலாச்சே! மொட்டை அடிச்சிடலாமா?” என்றார் அப்பா.

“அப்பா!”

“ஈரத்துணியால துடைச்சா போதும்” என்று சிரித்த அக்கா, ஒரு வெள்ளைப் பொடிப் பையை எடுத்துவைத்தார். “எறும்புக்கு இது. டயட்டம் மண். கண்ணுக்கே தெரியாத பாசி ஒண்ணு இருக்கு. அது செத்ததும் அதோட ஓடு தண்ணிக்கு அடியில படிஞ்சு படிஞ்சு இப்படி மண்ணாகும். நீச்சல் குளத்துக்கு வேற வகை விக்கறாங்க, அதை வாங்கிடாதீங்க. இது தோட்டத்துக்கானது.”

குண்டூசி பையைத் தொட்டுப் பார்த்தாள். “மாவு மாதிரி இருக்கே. இது எறும்பை என்ன பண்ணும்?”

“நமக்குத்தான் மாவு. எறும்புக்குக் கண்ணாடித் தூள் மேல நடக்கற மாதிரி. மேல் தோல் உராய்ஞ்சு, உடம்பு காய்ஞ்சு போயிடும்.”

“ஐயோ, பாவம்.”

“பாவம்தான். அதனால, எங்க வரக்கூடாதோ அங்க மட்டும் போடு. பூவுல மட்டும் படவே கூடாது. தேனீக்கும் இது கண்ணாடித் தூள்தான். அப்புறம், விஷம் இல்லையேன்னு அள்ளி வீசாதீங்க. மூச்சுல போனா நெஞ்சுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கிட்டு, காத்து இல்லாதப்ப மெல்லிசா தூவணும். ஈரம் பட்டா வேலை செய்யாது. கேட்டுக்கிட்டீங்களா, சார்?”

நாற்காலியில் உட்காருகிறவர்களை எல்லாம் “தலையை ஆட்டாதீங்க” என்று அதட்டும் அப்பா, அங்கே நின்று தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். அவர் அப்படி ஆட்டினால் ஒன்றும் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் குண்டூசி ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தாள். பிறகு முகக்கவசம் தேடி உள்ளே போனாள். கொல்லையிலிருந்து ‘உய்ய்ய்ங்’ என்று ஒரு சத்தம் வந்தது.

அது தலைமுடி காயவைக்கும் டிரையரின் சத்தம்.

“அப்பா, வேண்டாம்!”

“கையால தூவினா திட்டுத் திட்டா விழும்மா. டிரையர்ல ஊதினா சமமா…”

அதற்கு மேல் அப்பாவைக் காணவில்லை. கொல்லை முழுவதும் ஒரு வெள்ளை மேகம். மேகத்துக்குள்ளிருந்து தும்மல் மட்டும் வரிசையாக வந்தது.

குண்டூசி கொல்லைக் கதவருகே நின்றபடியே கத்தினாள். “நிறுத்துங்க! மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியே வாங்க!”

மேகத்திலிருந்து தப்பிச் சலூனுக்குள் வந்த உருவத்தைப் பார்த்து, சலூனில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பேப்பர் மாமா எழுந்து நின்றுவிட்டார். பேப்பர் மாமாவுக்கு முழு வழுக்கை. தினமும் பேப்பர் படிக்க வருவார். எப்போதாவது மரியாதைக்கு ஒரு ஷேவிங் செய்துகொள்வார்.

“ஏம்ப்பா, உள்ள போறப்ப கறுப்பாத்தானே இருந்துச்சு தலை? ஒரே நிமிஷத்துல நரைச்சிட்டியே!”

“தண்ணி… ஹச்! தண்ணி குடு… ஹச்!”

அப்பா முகத்தையும் கண்ணையும் கழுவிக்கொண்டார். பொடி அடங்கும்வரை யாரும் கொல்லைப் பக்கம் போகவில்லை. பிறகு பார்த்தால், பூவெல்லாம் வெள்ளை. காலையில் தேனீ வருமே!

“முகத்துல முடி ஒட்டினா எதால துடைப்பீங்க?” என்று கேட்டாள் குண்டூசி.

அப்பாவுக்குப் புரிந்தது. ஒரு பழைய மெத்தென்ற பிரஷ்ஷை எடுத்தார். முகக்கவசத்தோடு குனிந்து உட்கார்ந்து, பூப்பூவாகத் துடைத்துவிட்டார். பழக்கதோஷத்தில், “கொஞ்சம் தலையைத் தூக்குங்க சார்” என்றுகூட ஒரு செடியிடம் சொன்னார்.

இந்த முறை தூவியது குண்டூசி. காலியான முகப்பவுடர் டப்பாவில் பொடியை நிரப்பி, தரையோடு தரையாகக் கையைத் தாழ்த்தி, தொட்டிகளைச் சுற்றி மெல்லிய வட்டம் போட்டாள். குழாயின் அடியில் இன்னொரு வட்டம். டப்பாவைச் சலூன் அலமாரியில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் காலையில் பேப்பர் மாமாவின் மரியாதை ஷேவிங். முடிந்ததும், “கழுத்துல கொஞ்சம் பவுடர் போடுப்பா” என்றார். அப்பா பார்க்காமலே கையை நீட்டி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

“அப்பா! அது எறும்புப் பொடி!”

மாமா நாற்காலியிலிருந்து எழவில்லை, பறந்தார். “டேய்! நான் எறும்பாடா?”

“சர்க்கரையைத் தேடி வர்றது எறும்பு. ஓசி பேப்பரைத் தேடி வர்றது நீங்க. பெரிய வித்தியாசம் இல்லை” என்றார் அப்பா.

குண்டூசி சிரித்துக்கொண்டே டப்பாவை வாங்கினாள். சுற்றிலும் சிவப்பு நாடா ஒட்டி, ‘எறும்புக்கு மட்டும்’ என்று பெரிதாக எழுதினாள். கொல்லைக் கதவருகே பரணில், பவுடர் டப்பாக்களின் கண்ணில்கூடப் படாத இடத்தில் எட்டி வைத்தாள்.

திரும்பும்போதுதான் கொல்லைத் தரையைப் பார்த்தாள். அவள் போட்ட வட்டங்கள் கஞ்சி மாதிரி கரைந்து கிடந்தன. எறும்புகள் அதன்மேல் ஜாலியாக ஊர்வலம் போயின.

“அப்பா, ராத்திரி செடிக்குத் தண்ணி ஊத்தினீங்களா?”

“நானா? நீதான் தூக்கத்துல ஊத்தியிருப்பே.”

“நான் தூக்கத்துல நடக்கமாட்டேன். நீங்கதான் தூக்கத்துல பேசுவீங்க.”

அன்று சாயங்காலம் மறுபடி வட்டம் போட்டாள். மறுநாள் காலையிலும் கஞ்சிதான்.

“பூனை வேலை” என்றார் அப்பா.

“மாமா வேலைன்னு சொல்லாம விட்டியே” என்றார் பேப்பர் மாமா.

சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. குண்டூசி விடிந்ததும் விடியாததுமாகக் கொல்லைக் கதவருகே உட்கார்ந்துகொண்டாள். முந்தின சாயங்காலம் புதிதாகப் போட்ட வட்டங்கள் காய்ந்து அழகாக இருந்தன. பூனையும் வரவில்லை, அப்பாவும் வரவில்லை.

சொட்.

ஒரு துளி வட்டத்தின்மேல் விழுந்தது. சொட், சொட். குண்டூசி நிமிர்ந்து பார்த்தாள். மாடிப் பால்கனிக் கொடியில் ஒரு நீல நைட்டி, இரண்டு துண்டு, ஒரு படுக்கை விரிப்பு. எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. அதன் பின்னால் மாடி அத்தை, வலது மணிக்கட்டில் கட்டுத்துணியோடு, ஒரு கையாலேயே அடுத்த துணியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

குண்டூசி சத்தம் காட்டாமல் உள்ளே வந்து அப்பாவிடம் சொன்னாள்.

“அட!” என்று அப்பா துள்ளினார். “புகார் சொல்றதும் அவங்க, பொடியைக் கரைக்கறதும் அவங்களா? இரு, போய் நல்லாக் கேட்டுட்டு வர்றேன்!”

“கேட்டா?”

அப்பா கதவுவரை போய் நின்றார். “கேட்டா… தொட்டியோட சேர்த்து நம்ம நாற்காலியும் வெளியே போகும்.”

“அதுக்கில்லப்பா. அவங்களுக்குக் கை வலி. பிழிய முடியலை போல. தப்பு பண்ணிட்டீங்கன்னு கீழேயிருந்து கத்தினா, பாவம், தெருவே பார்க்கும்.”

“அப்ப என்னதான் பண்றது?”

“உங்ககிட்ட கிழிஞ்ச கழுத்துத்துணி நாலு இருக்கே, குடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை. மாடி அத்தை மூச்சு வாங்கக் கீழே இறங்கி வந்தார். “எங்க, பார்க்கலாம்” என்று கொல்லைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுவரோரமாக நாலு பேர் வரிசையாக முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் சலூன் துணி, தரைவரை விரிந்து கிடந்தது. துணிக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பச்சை முடி.

“இதுல முதல்ல வந்தது யாருப்பா?” என்று பின்னாலிருந்து கேட்டார் பேப்பர் மாமா. “இடது ஓரத்துல இருக்கறவருக்கு ரொம்ப நாளா வெட்டலை போல. எனக்கு அதுல பாதி இருந்தா போதும்.”

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, “என்னடி கூத்து இது?” என்றார்.

குண்டூசி ஒரு துணியைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே வட்டம் காய்ந்து வெள்ளையாக இருந்தது. “எறும்புப் பொடி, அத்தை. ஈரம் பட்டா வேலை செய்யாது. அதான் துணி கட்டியிருக்கோம். செடிக்குத் தண்ணி வேணும்னா துணியைத் தூக்கி வேர்ல மட்டும் ஊத்துவேன்.”

“இங்க ஈரம் எங்கேருந்து வரும்? மழை பெஞ்சு ஒரு மாசம் ஆச்சு.”

டொப் என்று ஒரு துளி துணியின்மேல் விழுந்தது. அடுத்தது அத்தையின் மூக்கின்மேல்.

அத்தை மெதுவாக அண்ணாந்தார். நீல நைட்டி காற்றில் ஆடியது.

பேப்பர் மாமா அவசரமாகப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அது தலைகீழாக இருந்தது.

“அது… என் நைட்டியா?”

“தெரியலை, அத்தை. நான் இன்னைக்கு மேல பார்க்கவே இல்லை.”

அத்தை அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நேத்து?”

குண்டூசி கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தாள்.

“மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சுடி. பிழிய முடியலை. யார்கிட்ட போய்ச் சொல்றது?”

“நான் வந்து பிழியறேன், அத்தை. நீங்க ஒரு பக்கம் சும்மா பிடிச்சுக்கிட்டா போதும், நான் முறுக்கிடுவேன்.”

“நீயா? உன் கையே கொடிக்கயிறு மாதிரி இருக்கு!” என்றார் அத்தை. ஆனால் குரல் இறங்கியிருந்தது. “சரி. அடுத்த ஞாயிறுவரைக்கும் இருக்கட்டும் தொட்டி.”

அந்த வாரம் முழுவதும் பள்ளிக்குப் போகும் முன் குண்டூசி மாடிக்குப் போய்த் துணி பிழிந்தாள். வட்டம் கரையவில்லை. குழாயில் ஏறும் வரிசை மெலிந்தது, பிறகு அறுந்தது, பிறகு காணாமலே போனது. பூக்களில் தேனீக்கள் எப்போதும்போல வந்துபோயின. சில நாளில் முதல் பிஞ்சு விரல் நீளத்துக்குத் தொங்கியது.

முதல் பறிப்பில் கிடைத்தது ஒரு கைப்பிடி அவரைக்காய். குண்டூசி அதில் பாதியை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

சற்று நேரத்தில் பால்கனியிலிருந்து குரல் வந்தது.

“ஏய் குண்டூசி! டப்பாவுல ஒரு எறும்புகூட இல்லை!”

“சந்தோஷம்தானே, அத்தை?”

“என்ன சந்தோஷம்? காலையில எழுந்தா கத்தறதுக்கு ஒண்ணுமே இல்லை. வாயெல்லாம் துரு பிடிக்குது! உங்கப்பாவை வரச்சொல்லு, அந்த டிரையர் சத்தத்தைப் பத்தி நாலு வார்த்தை பேசணும்.”

அப்பா வந்து பால்கனிக்குக் கீழே நின்றார். அத்தை சொன்ன நாலு வார்த்தை நாற்பதாக நீண்டது. அப்பா தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டிக்கொண்டிருந்தார்.