தள்ளிவிட்ட அளவுகள்

"இன்னா சார், பெட்டிக்கும் சேத்தா டிக்கெட் வாங்கினீங்க?"

அத்திமூரில் பஸ் ஏறிய நிவேதா, ஜன்னலோர சீட்டில் சட்டமாக உட்கார்ந்திருந்த அட்டைப்பெட்டியையும் அதை அணைத்துக்கொண்டிருந்தவனையும் முறைத்தாள். வெளியே மழை சாய்ந்து அடித்தது. அவள் துப்பட்டா முனையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவன் செருப்பில் விழுந்தது.

அவன் நிமிர்ந்தான். "ஆமாங்க, வாங்கினேன்." பையிலிருந்து இரண்டு டிக்கெட்டுகளை எடுத்தே காட்டினான்.

அந்தக் கண்கள்... மழை கழுவிவிட்ட நாவல்பழம் மாதிரி, கறுப்பாய், பளபளவென்று... திட்ட வாயெடுத்தவளுக்குத் திட்டே மறந்துபோயிற்று. அதற்குள் அவன் பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டான்.

"உள்ள இன்னா, கல்யாண கேக்கா?"

"ஆன்டெனாங்க. எம்பேரு பூவரசன், சொந்த ஊரு செங்கம். மேல்வானத்த ஆராய்ச்சி பண்றோம்."

பஸ் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறியது. கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தான். மேகத்துக்கெல்லாம் மேலே, வெயில் பட்டுப் பட்டு மின்சாரம் ஏறிய காற்று ஒரு படலமாய் இருக்கிறது. போனில் வழி காட்டுகிற சாட்டிலைட் சிக்னல் அதற்குள் புகுந்து வரும்போது கொஞ்சம் தாமதப்படும். அந்தப் படலம் அடுத்த மணி நேரத்தில் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டர் ஒரு கணிப்பு போடும். அங்கங்கே ஸ்டேஷன் வைத்து அளந்ததைக் கொடுத்தால், கணிப்பு தன்னைத் திருத்திக்கொள்ளும்.

"ஜமுனாமரத்தூர்ல உரக்கடை ராஜாக்கண்ணுன்னு ஒருத்தர். அவர் மாடியில ஒரு ஸ்டேஷன். ரெண்டு மாசமா அது அனுப்புற அளவு எல்லாத்தையும் கம்ப்யூட்டர் தள்ளிடுது. கணிப்புக்கு ரொம்ப தூரமா இருந்தா தப்புன்னு தள்ளிடும். கெழவர் ஆன்டெனா மேல சாமை கீமை காய வெக்கிறாரோ இன்னாவோ... இன்னிக்கு கழட்டிட்டு, இந்தப் புதுசத் திருப்பத்தூர்ல மாட்டணும்."

நிவேதா துப்பட்டா முனையை முறுக்கிப் பிழிந்தாள்.

ராஜாக்கண்ணு அவள் அப்பா. ஸ்டேஷன் அவர் பேரில்தான் இருந்தது. பார்த்துக்கொண்டது அவள். அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் பிளஸ் ஒன்னோடு படிப்பை விட்டுக் கடையில் உட்கார்ந்தவளுக்கு, அந்த மாடி ஒன்றுதான் இன்னும் மூடாத பள்ளிக்கூடம். தினம் காலையில் ஆன்டெனாவைத் துடைப்பாள். கரண்ட் போன நேரம், வந்த நேரம் எல்லாம் நோட்டில் எழுதுவாள். கடைப் போனிலிருந்து ஆராய்ச்சி ஆபீசுக்குச் செய்தி அனுப்புவாள். அதெல்லாம் குப்பைக்குத்தான் போனதா?

"ஏன் சார்... தப்பு கணிப்புல இருந்தா?"

பூவரசன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது.

ஊர் வந்ததும், "அந்தக் கடை எங்கங்க?" என்றான்.

"வாங்க, காட்றேன்."

கடையில் அப்பா உர மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைக் கேட்டுக் கையை விரித்தார். "எனக்கு இன்னா தம்பி தெரியும்? எல்லாம் எம்பொண்ணுதான் பாக்குது. தோ, உங்ககூடவே நிக்குதே."

பூவரசன் திரும்பினான். முகம் வெளிறிப் பின் சிவந்தது.

"சாமை காய வெக்கிற கெழவர் நான்தான் சார்," என்றாள் நிவேதா. "கழட்டிக்கினு போங்க. ஆனா அதுக்கு முன்னாடி, உங்க புதுசையும் பக்கத்துலயே மூணு நாள் வெச்சுப் பாக்க தெகிரியம் இருக்குதா?"

அவன் சங்கடத்தோடு தன் மேடத்துக்குப் போன் செய்தான். "ஆபரேட்டர் தப்பாத்தான் இருக்கும் மேடம்... இருந்தாலும் மூணு நாள் பாத்துட்டு வரேன்," என்றான். படிக்கட்டில் நின்றவள் காதில் அது விழுந்தது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள்... அவன் காலையில் வருவான், சாயங்காலம் லாட்ஜுக்குப் போவான். முதல் நாள் அவள் டீயை டங்கென்று வைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் அவன் அவளுடைய நோட்டைக் கேட்டு வாங்கி, ஒரு பக்கம் விடாமல் படித்தான். தலை குனிந்து படிக்கிறவனைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே நின்றாள். ஐயோ, இதுக்கு இன்னா பேரு... கோபம்தானே? கோபம் ஏன் இப்படி இனிக்கிறது?

மூன்றாம் நாள் மத்தியானம் மாடியிலிருந்து, "நிவேதா!" என்று கத்தினான். முதல் தடவையாகப் பேர் சொல்லி.

அவள் ஏறிப் போனாள். லேப்டாப்பில் இரண்டு கோடுகள். பழைய ஆன்டெனா சிவப்பு, புதுசு நீலம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு ஏறின. கம்ப்யூட்டர் கணிப்பு மட்டும் எங்கேயோ கீழே தனியாகக் கிடந்தது.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். இப்போது இன்னா செய்வான்... மழுப்புவானா? வயரில் ஏதோ கோளாறு என்பானா?

அவன் போனை எடுத்து, அவளுக்கும் கேட்கிறாற்போல ஸ்பீக்கரில் போட்டான்.

"மேடம், ஸ்டேஷன் சரியா இருக்கு. எங்கணிப்பு தன்னைத்தானே ரொம்ப நம்புற மாதிரி வெச்சுட்டேன். அதனால நெசத்தத் தப்புன்னு தள்ளிடுச்சு. அந்த நம்பிக்கையக் கொறச்சு, நேத்தைய கணிப்ப மறுபடி ஓட்டினேன். இந்த ஸ்டேஷன் அளவ உள்ள சேத்ததும் கணிப்பு அதுகிட்ட வந்துடுச்சு. ரெண்டு மாசமா தள்ளினத எல்லாம் திரும்பச் சேக்கணும். ஆபரேட்டர் தப்பு இல்ல மேடம். என் தப்பு."

அந்தப் பக்கம் மேடம், "ஆபரேட்டருக்கு நன்றி சொல்லுப்பா, ஸ்டேஷன் அங்கயே இருக்கட்டும்," என்றார்.

நிவேதா சட்டென்று திரும்பி, கொடியில் இல்லாத துணியை எடுக்கப் போனவள் மாதிரி நின்றாள். கண் நிறைந்து வழிந்தது. மலை மேலிருந்து மழை இறங்கி வந்துகொண்டிருந்தது. முதல் துளிகள் தரையில் பொட்டுப் பொட்டாய் விழுந்தன.

"நாளைக்குத் திருப்பத்தூர் போறீங்களா?"

"போகணும். அதுக்கு முன்னாடி... உங்க அப்பாவாண்ட ஒண்ணு பேசணும்."

"ஸ்டேஷன பத்தியா?"

"இல்ல."

அவள் மெல்லத் திரும்பினாள். நனைந்த இமைகளுக்குள் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. "அப்பாவாண்ட அப்பால பேசலாம். மொதல்ல என்னாண்ட சொல்லுங்க."

பூவரசன் லேப்டாப்பை மூடினான். "எனக்கு... உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு நிவேதா. என்னைத் தப்புன்னு சொல்ல, எப்பவும் நீங்க பக்கத்துல வேணும்னு இருக்கு."

"தெனம் சொல்லுவேன். பரவால்லயா?"

"பரவால்ல."

"அழுவேன், சண்ட போடுவேன், டீய டங்குன்னு வெப்பேன்..."

"பாத்துட்டேனே."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு, மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்குமோ கேட்காதோ என்று ஓரடி கிட்டே வந்து, "எனக்குந்தான்... பஸ்லயே," என்றாள்.

கீழேயிருந்து அப்பா, "மழ கொட்டுது, எறங்கி வாங்க ரெண்டு பேரும்!" என்று கூப்பிட்டார்.

"தோ வர்றோம்பா," என்றாள் நிவேதா. ஆனால், இருவரும் நகரவில்லை.